பைரித்ராய்டு அடித்தும் புழு எழுந்து நடக்கிறதா?

கேள்வி சுருக்கமாக இது: ஒரு விவசாயி பருத்தியில் காய்ப்புழுவுக்கு லாம்டா சைஹாலோத்ரின் என்ற பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்தை அடித்திருக்கிறார். அடித்தது உச்சி வெயிலில். அடித்த ஒரு மணி நேரத்தில் புழுக்கள் பொத்துப் பொத்தென்று விழுந்திருக்கின்றன, மறுநாள் போய்ப் பார்த்தால் பாதி எழுந்து நடக்கிறது. பத்து நாள் கழித்து இலைக்கு அடியில் வெள்ளை ஈ மொய்க்கிறது. போதாததற்கு மருந்தடித்த அன்று ராத்திரி முழுக்க முகம் எரிந்திருக்கிறது. அடுத்த முறை அளவைக் கூட்டி அடிக்கலாமா, இல்லை சைபர்மெத்ரினுக்கு மாறலாமா, மீதி இருக்கும் அரை பாட்டிலை அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

அளவைக் கூட்டாதீர்கள். சைபர்மெத்ரினுக்கு மாறியும் பிரயோஜனமில்லை. அரை பாட்டில் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன், அதற்கு முன்னால் உங்கள் வயலில் நடந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் விழுந்த புழு எழுந்தது, வெள்ளை ஈ வந்தது, முகம் எரிந்தது எல்லாமே இந்த மருந்தின் குணத்திலிருந்து வந்தவைதான்.

பைரித்ராய்டின் பூர்வீகம் ஒரு பூ. சாமந்தி குடும்பத்தைச் சேர்ந்த பைரித்ரம் செடியின் பூவை உலர்த்திப் பொடித்தால் பூச்சி சாகும் என்பது பழைய சங்கதி. அதன் குறை, வெயில் பட்டால் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும், அதனால் வீட்டுக்குள் கொசுவுக்குச் சரி, வயலுக்கு ஆகாது. 1973-ல் இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் மைக்கேல் எலியட்டின் குழு வெயிலைத் தாங்கும் பெர்மெத்ரினை உருவாக்கியது. அதன் பிறகுதான் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் எல்லாம் வரிசையாக வயலுக்கு வந்தன. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். பூச்சியின் நரம்பில் சோடியம் போய்வரும் வாயில்கள் உண்டு. திறந்து, உடனே மூட வேண்டியவை. இந்த மருந்து போய் அந்த வாயிலைத் திறந்தபடியே பிடித்துக்கொள்கிறது. நரம்பு ஓயாமல் துடிக்கிறது, பூச்சி நடுங்கி, கைகால் உதறி, விழுகிறது.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். விழுவது வேறு, சாவது வேறு. வேண்டிய அளவு மருந்து உடம்பில் ஏறாத புழுவும் விழும், ஆனால் தன் நொதிகளால் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைச் சிதைத்துவிட்டு எழுந்து உட்காரும். ஆகவே மருந்து வேலை செய்ததா என்று அன்று சாயங்காலமே தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரண்டு நாள் கழித்து, வயலில் நாலைந்து இடத்தில், செடிக்குச் செடி உயிரோடிருக்கும் புழுவை எண்ணிப் பாருங்கள். அடிப்பதற்கு முன்னால் எண்ணிய கணக்கு கையில் இருந்தால்தான் இதற்கு அர்த்தம் உண்டு, அதை யாரும் எழுதி வைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்து, இது தொடு நஞ்சு. புழுவின் மேல் பட வேண்டும், அல்லது மருந்து படிந்த இலையில் புழு நடக்க வேண்டும், அதைத் தின்ன வேண்டும். செடிக்குள் ஊடுருவிப் போகிற சங்கதியே இல்லை. மேல் இலையில் பட்டது அடி இலைக்கு வராது, இலையின் முகத்தில் பட்டது முதுகுக்குப் போகாது. தண்ணீரில் ஏறக்குறைய கரையாத பொருள், மெழுகு மாதிரி இலைத்தோலில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கும். அதனால் காய்க்குள் புகுந்துவிட்ட காய்ப்புழு, தண்டுக்குள் இருக்கும் துளைப்பான், மக்காச்சோளக் குருத்துக்குள் கழிவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படைப்புழு, இவற்றுக்கு மேலாக எத்தனை டேங்க் ஊற்றினாலும் அது செடியைக் குளிப்பாட்டுவதுதான். முட்டை பொரிந்து வெளியே வந்து, குருத்திலும் சப்பை என்கிற பூமொட்டிலும் சுரண்டிக்கொண்டிருக்கும் முதல் இரண்டு வளர்ச்சிப் பருவத்துப் புழுதான் இந்த மருந்துக்குச் சரியான இலக்கு. அரை விரல் நீளத்துக்கு வளர்ந்த புழுவைக் கொல்ல அதைப்போல் பல மடங்கு மருந்து வேண்டும், அவ்வளவு எந்தச் சிபாரிசிலும் கிடையாது. உங்கள் வயலில் எழுந்து நடந்தவை பெரிய புழுக்களா என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், ஏனென்றால் சின்னப் புழு கண்ணில் படாது, கண்ணில் பட்ட பிறகுதான் நாம் மருந்தை எடுக்கிறோம். வாரம் இரண்டு முறை வயலுக்குள் இறங்கி முட்டையையும் குஞ்சுப் புழுவையும் தேடாதவருக்கு எந்தத் தொடு நஞ்சும் பாதிதான் வேலை செய்யும்.

வெயில் விஷயம் பலருக்கும் புதிதாக இருக்கும். பைரித்ராய்டுகள் சூடு ஏற ஏறப் பொதுவாக வீரியம் குறைகிறவை. குளிர்ச்சியில் பூச்சியின் நரம்பு இந்த மருந்துக்கு இன்னும் எளிதில் வசப்படும், பூச்சி மருந்தைச் சிதைக்கிற வேகமும் குறையும். உச்சி வெயிலில் அடித்தால் இரண்டும் தலைகீழ். விழுந்த புழு எழுந்ததில் உங்கள் பன்னிரண்டு மணி வெயிலுக்கும் பங்கு இருக்கிறது. போதாக்குறைக்கு, சின்னத் துளிகள் இலையில் விழும் முன்பே காய்ந்து காற்றில் போகும், பூவில் தேனீ இருக்கும் நேரமும் அதுதான். பொழுது சாயும் நேரம்தான் இதற்கு உகந்தது. ராத்திரி இரை எடுக்கிற புழுக்கள் வெளியே வரும், இரவுக் குளிர்ச்சியும் முழுதாகக் கிடைக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை, சில சாயங்காலங்களில் காற்று அடியோடு நின்று, எங்கேயாவது எரிகிற குப்பையின் புகை மேலே எழும்பாமல் தரையோடு படுத்துக் கிடக்கும். அப்போது அடித்தால் நுண்துளிகளும் அந்தப் புகை மாதிரியே மிதந்து, நினைத்துப் பார்க்காத இடத்துக்குப் போய் இறங்கும். லேசான, ஒரே திசையில் வீசும் காற்றுதான் நல்லது. இலை கிளை எல்லாம் ஆடுகிற காற்றிலும் வேண்டாம்.

சரி, அளவு. "டேங்குக்கு எத்தனை மில்லி?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி, அதைப்போல் தப்பான கேள்வி கிடையாது. ஒரு பயிருக்கு ஹெக்டேருக்கு 60 கிராம் சைபர்மெத்ரின் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீத பாட்டிலில் லிட்டருக்கு ஏறக்குறைய 100 கிராம் மருந்து, ஆகவே ஹெக்டேருக்கு 600 மில்லி, ஏக்கருக்கு 240 மில்லி. அதே சைபர்மெத்ரின் 25 சதவீதத்திலும் வருகிறது. அதில் ஏக்கருக்கு 97 மில்லி போதும். பாட்டிலைப் பார்க்காமல் போன வருஷக் கணக்கில் 240 ஊற்றினால் இரண்டரை மடங்கு. இது கணக்குக்காகச் சொன்ன எண்தான், உங்கள் பயிருக்கும் பூச்சிக்கும் உரிய அளவு லேபிளில் இருக்கும், அதைத்தான் எடுக்க வேண்டும்.

இப்போது அந்த 240 மில்லியை டேங்குக்குப் பிரிக்க வேண்டும். வயலில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் அளந்து குச்சி நடுங்கள். டேங்கில் வெறும் தண்ணீரை ஊற்றி, வழக்கமாக நடக்கிற வேகத்தில், வழக்கமான அழுத்தத்தில் அந்தச் சதுரத்தை அடித்து முடித்துவிட்டு எத்தனை லிட்டர் போனது என்று பாருங்கள். 5 லிட்டர் போனால் ஏக்கருக்கு ஏறக்குறைய 200 லிட்டர், 16 லிட்டர் டேங்கில் பன்னிரண்டரை டேங்க், டேங்குக்கு 19 மில்லி. வேகமாக நடக்கும் இன்னொருவருக்கு அதே சதுரத்தில் 3 லிட்டர்தான் போகும். அவருக்கு ஏக்கருக்கு ஏழரை டேங்க், டேங்குக்கு 32 மில்லி ஊற்ற வேண்டும். இரண்டு பேரும் ஏக்கருக்கு ஊற்றியது ஒரே அளவு மருந்துதான். அடுத்த வயல்காரரின் "டேங்குக்கு இத்தனை" என்ற கணக்கை நீங்கள் கடன் வாங்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். செடி வளர வளரத் தண்ணீர் கூடும், ஆகவே ஒரு பருவத்தில் இரண்டு மூன்று முறை இந்த வெறும் தண்ணீர் சோதனையைச் செய்வது நல்லது. மூடியில் அளந்து ஊற்றுவதை விட்டுவிட்டு அளவுக் குவளை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

நாசில் பூச்சி மருந்துக்கென்று உள்ள கூம்பு நாசிலாக இருக்கட்டும், களைக்கொல்லி அடிக்கும் தட்டை நாசிலைவிட அடர்ந்த செடிக்குள் இது நன்றாகப் போகும். குழலைக் கீழிருந்து மேலாகத் திருப்பி அடித்தால்தான் இலையின் அடிப்பக்கம் நனையும். செடியிலிருந்து சொட்டச் சொட்ட ஊற்றுவது வீண், சொட்டியது மண்ணில் ஒட்டிக்கொண்டு செயலற்றுப் போகும். தண்ணீர் தெளிந்ததாக இருக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் களிமண்ணைக் கண்டால் பைரித்ராய்டு விடாது, கலங்கிய குட்டைத் தண்ணீரில் கலந்தால் மருந்து டேங்குக்குள்ளேயே சேற்றோடு ஒட்டிக்கொண்டுவிடும். புழுதி படிந்த இலையிலும் இதே கதைதான். காரத்தன்மை அதிகமானால் மருந்து சிதையும், ஆகவே போர்டோ கலவை, சுண்ணாம்பு சேர்ந்த எதோடும் கலக்காதீர்கள். சாதாரண உப்புத் தண்ணீரில் கலந்து உடனே அடித்தால் பெரிய நஷ்டம் இல்லை, கலந்ததை மறுநாளுக்கு வைத்திருப்பதுதான் தப்பு.

வெள்ளை ஈக்கு வருவோம். இந்த மருந்து ஆள் பார்த்து அடிப்பதில்லை. பொறிவண்டு, பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி, ஒட்டுண்ணிக் குளவி, சிலந்தி எல்லாம் செடியில் ஓடி அலைகிறவை, ஆகவே மருந்து படிந்த இலையில் அவைதான் முதலில் சாகும். இலைக்கு அடியில் அசையாமல் ஒட்டியிருக்கும் வெள்ளை ஈக் குஞ்சு, அசுவினி, மாவுப்பூச்சி, செம்பேன் இவற்றின் மேல் மருந்து சரியாகப் படுவதே இல்லை, தின்ன வருகிற எதிரியும் ஒழிந்தான். பிறகென்ன, பத்துப் பதினைந்து நாளில் பெருகிவிடும். நெல்லில் இது இன்னும் மோசம். டெல்டாமெத்ரின் போன்றவை பட்டுப் பிழைத்த புகையான் என்ற சாறுறிஞ்சும் பூச்சி முன்பைவிட அதிகமாக முட்டையிடுகிறது என்று 1980-களிலேயே சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். நெல்லில் இலை சுருட்டுப் புழுவுக்கு என்று பைரித்ராய்டை எடுத்துவிட்டுப் பிறகு புகையானோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

அதனால் என் வழக்கம், பருவத்தின் முன்பாதியில் இதைத் தொடுவதே இல்லை. நன்மை செய்யும் பூச்சிகள் குடியேறும் காலம் அது. பிற்பாதியில், வெளியே இருந்து தின்னும் குஞ்சுப் புழுவோ, காயைக் குத்தும் நாவாய்ப்பூச்சியோ பொருளாதார சேத நிலையை, அதாவது மருந்துச் செலவைவிடச் சேதம் கூடிப்போகும் அளவை, தாண்டியிருந்து, வெள்ளை ஈயும் செம்பேனும் வயலில் இல்லை என்றால் ஒரு முறை. மிஞ்சிப்போனால் இரண்டு. ஏற்கனவே வெள்ளை ஈ இருக்கிற வயலில் காய்ப்புழுவுக்கு வேறு பிரிவு மருந்துதான்.

இந்த இடத்தில் "சைபர்மெத்ரினுக்கு மாறலாமா" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். இப்போது பல பாட்டில்களின் லேபிளில் மருந்தின் பிரிவு எண் அச்சிட்டிருக்கிறார்கள். லாம்டா சைஹாலோத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், பைஃபென்த்ரின், ஃபென்வலரேட் எல்லாம் 3ஏ. பெயர் மாறினாலும் பூட்டும் ஒன்று, சாவியும் ஒன்று. ஒன்றுக்குப் பழகிய புழு பெரும்பாலும் மற்றவற்றுக்கும் பழகியிருக்கும். டிடிடி-யும் இதே சோடியம் வாயிலைத்தான் தாக்கியது, அதனால் டிடிடி-க்குத் தப்பிய பூச்சிகளிடம் அந்த நரம்பு வாயிலில் ஏற்பட்டிருந்த மாற்றம் பைரித்ராய்டு வந்ததும் அவற்றுக்குக் கைகொடுத்தது. 1983-ல் ஆஸ்திரேலியாவின் எமரால்டு பகுதிப் பருத்தியில் காய்ப்புழு இந்த மருந்துகளுக்கு அசையாமல் நின்றது. அங்கே அப்புறம் செய்தது, பருவத்தில் ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் மட்டும்தான் பைரித்ராய்டு, அதற்கு முன்னும் பின்னும் கிடையாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு கட்டுப்படுத்தியதுதான். ஒருவர் மட்டும் தன் வயலில் ஒழுங்காக இருந்து பயனில்லை, அந்துப்பூச்சி வரப்புப் பார்த்துப் பறப்பதில்லை.

மாற்றுவதென்றால் எண் மாற வேண்டும். எமாமெக்டின் 6, ஸ்பைனோசாட் 5, குளோரான்ட்ரானிலிப்ரோல் 28, இண்டாக்சாகார்ப் 22. ஒரு தலைமுறைப் புழுவுக்கு, அதாவது ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு, ஒரு பிரிவு, அடுத்த தலைமுறைக்கு வேறு பிரிவு. கலவை மருந்துகளில் கவனமாக இருங்கள். "புது மருந்து" என்று வருகிற பல பாட்டில்களில் லாம்டா சைஹாலோத்ரின் பாதியாக உட்கார்ந்திருக்கும், லேபிளில் சிறிய எழுத்தைப் படித்தால் தெரியும். மாற்றியதாக நினைத்துக்கொண்டு மூன்றாவது முறையும் அதையே அடித்திருப்பீர்கள். எதிர்ப்புத்திறன் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒன்று: புழுவின் அளவு, அடித்த நேரம், அளவு, நனைந்த விதம் நான்கும் சரியாக இருந்தும் குஞ்சுப் புழுவே பிழைத்திருந்தால்தான் அந்தச் சந்தேகம் நியாயம். அப்போதும் அளவைக் கூட்டினால் பலவீனமான புழு செத்து, பலமானது மட்டும் மிஞ்சி அடுத்த தலைமுறையைப் பெறும்.

தேனீக்கும் மீனுக்கும் இது கொடிய நஞ்சு. பூத்த பயிரில் அடிக்காமல் இருப்பதே மேல், அடித்தே ஆக வேண்டுமென்றால் தேனீ கூட்டுக்குத் திரும்பிய பிறகு. புரோப்பிகோனசோல் போன்ற சில பூஞ்சாணக் கொல்லிகளோடு சேர்த்து அடித்தால் தேனீக்கு நஞ்சு பல மடங்காகும், தேனீயின் நஞ்சு முறிக்கும் நொதிகளை அவை கட்டிப்போட்டுவிடுகின்றன. குளம், வாய்க்கால், மீன் வளர்க்கும் குட்டை பக்கத்தில் இருந்தால் லேபிள் சொல்லும் தூரத்தை விடுங்கள், இடையில் புல் வளர்ந்த பட்டை இருந்தால் மழையில் மண்ணோடு சேர்ந்து ஓடிவரும் மருந்தை அது ஓரளவு பிடித்துக்கொள்ளும். மல்பெரித் தோட்டம் காற்று போய்ச் சேரும் பக்கம் இருந்தால் அன்று மருந்தடிக்கவே வேண்டாம், பட்டுப்புழுவும் புழுதானே. மிச்சக் கலவையையும் டேங்க் கழுவிய தண்ணீரையும் அடித்த வயலிலேயே தெளித்துவிடுங்கள், வாய்க்காலில் டேங்கை முக்குகிற பழக்கம் மட்டும் கூடவே கூடாது.

முகம் எரிந்த கதை. எனக்கும் நடந்திருக்கிறது, மிளகாய்ப்பொடி அப்பினமாதிரி இருக்கும், பார்த்தால் தோல் சிவக்கக்கூட இல்லை. தோலில் பட்ட மருந்து அங்குள்ள நரம்பு நுனிகளைத் துடிக்க வைப்பதால் வருகிற எரிச்சலும் ஊறலும் இது, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானாக அடங்கும். வியர்வை, வெயில், வெந்நீர் பட்டால் கூடும். குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போட்டு மெதுவாகக் கழுவ வேண்டும். கழுவிய பின் வைட்டமின் ஈ எண்ணெய் தடவினால் பலருக்கும் குறைகிறது. கையுறையோடு முகத்து வியர்வையைத் துடைத்திருப்பீர்கள், அல்லது அடைத்த நாசிலை வாயால் ஊதியிருப்பீர்கள். நாசிலுக்குப் பழைய பல்துலக்கி போதும். அடிக்கும்போதைவிட ஆபத்து பாட்டிலைத் திறந்து ஊற்றும்போதுதான், கலக்காத மருந்து அப்போதுதான் கைக்கு அருகில் இருக்கிறது. நைட்ரைல் கையுறை, கண்ணை மறைக்கும் முகக் கவசம், முழுக்கைச் சட்டை மூன்றும் அந்த நேரத்தில் கட்டாயம். சட்டை நனைந்தால் அப்போதே கழற்றிவிடுங்கள், ஈரத் துணி மருந்தை உடம்போடு ஒட்டிவைக்கும். அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

எரிச்சலோடு நின்றால் பயமில்லை. தலைசுற்றல், வாந்தி, தசைத் துடிப்பு, வலிப்பு என்று போனாலோ, யாராவது விழுங்கிவிட்டாலோ பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனை. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், இசி (தண்ணீரில் பால் மாதிரி கலக்கும் எண்ணெய்) வகையில் இருக்கும் கரைப்பான் நுரையீரலுக்குள் போனால் அது தனி ஆபத்து. பாட்டில் ஏன் என்றால், பைரித்ராய்டுக்கு நஞ்சு முறிவு மருந்து கிடையாது, அறிகுறிக்குத்தான் சிகிச்சை. ஆனால் புரோபினோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற வேறு வகை நஞ்சு கலந்த பாட்டிலாக இருந்தால் அட்ரோபின் கொடுக்க வேண்டிவரும், வைத்தியமே மாறிவிடும். வீட்டில் பூனை இருந்தால் மருந்துத் துணி பக்கம் விடாதீர்கள். மனிதனின் ஈரல் சீக்கிரம் சிதைத்துவிடும் இந்த மருந்தைப் பூனையால் அப்படிச் சிதைக்க முடியாது, பெர்மெத்ரினுக்குப் பூனைகள் செத்தே போகின்றன.

அந்த அரை பாட்டில். காலாவதித் தேதி தாண்டாமல், மூடி இறுக்கமாக, அதே பாட்டிலில், லேபிளோடு, நிழலில், பூட்டிய அலமாரியில் இருந்தால் அடுத்த பருவத்துக்கும் ஆகும். குளிர்பான பாட்டிலுக்கு மாற்றவே மாற்றாதீர்கள். எடுக்கும்போது நன்றாகக் குலுக்கி, கையுறை போட்டுக்கொண்டு, பழைய கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வைத்து நாலைந்து சொட்டு விட்டுக் கலக்கிப் பாருங்கள். பால் மாதிரி ஒரே சீராக வெளுத்து, அரை மணி நேரம் அப்படியே நின்றால் சரி. எண்ணெய் மேலே மிதந்தாலோ அடியில் தயிர் மாதிரி திரண்டாலோ அது டேங்கில் சமமாகக் கலக்காது, ஒரு டேங்கின் ஒரு பகுதி வெறும் தண்ணீராகவும் இன்னொரு பகுதி செடியைக் கருக்குகிற அளவிலும் போகும், ஆகவே அதை அடிக்காதீர்கள். காலி பாட்டிலை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றிவிட்டுப் பாட்டிலில் ஓட்டை போட்டு வையுங்கள். சோதனைக்கு எடுத்த குவளையை அந்த அலமாரியிலேயே வைத்துப் பூட்டிவிடுங்கள், அது இனி வேறு எதற்கும் வேண்டாம்.